ஆளுக்கேத்த வண்டி

குருவிகுளத்தில் நல்ல மழை பெய்தால் முதலில் நின்றுபோவது மூணு சக்கர வண்டிதான். எங்கள் ஊர்க் கரிசல் காய்ந்து கிடக்கும்போது பாளம் பாளமாக வெடித்திருக்கும். நனைந்துவிட்டால் மிதித்த காலை விடாது. டயரில் ஒட்டி, மேலேறி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். சாதாரண சைக்கிள்காரர் இறங்கிக் குச்சியால் மண்ணைக் குத்தித் தள்ளுவார்; முடியாவிட்டால் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். கையால் சுற்றி ஓட்டுகிற வண்டியில் இருப்பவருக்கு இறங்கவும் வழியில்லை, தூக்கவும் வழியில்லை. அதனால் எங்கள் பக்கம் ஓடிய வண்டிகளில் மட்கார்டு இருக்காது. முதல் மழைக்காலத்திலேயே கழற்றிப் போட்டிருப்பார்கள். பழைய இரும்புக் கடையில் கிடக்கிற ஒரு வண்டியில் மட்கார்டு மாட்டுகிற துளை இருந்து மட்கார்டு இல்லையென்றால், அது குருவிகுளம், திருவேங்கடம், கழுகுமலைப் பக்கம் ஓடியதாக இருக்கும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்வேன். தென்காசிச் செம்மண்ணில் ஓடியவை பெரும்பாலும் மட்கார்டோடுதான் வந்திருக்கின்றன.

இப்படி ஒரு வண்டியைப் பார்த்து அது ஓடிய ஊரையும் ஓட்டிய ஆளையும் கண்டுபிடிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பழைய கார் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வால்வு ரேடியோ, கிராமபோன், ராலே சைக்கிள் சேர்க்கிறவர்களும் உண்டு. கால் நடக்க முடியாதவர்கள் ஓட்டிய வண்டியைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் மட்டும் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "அத எதுக்குய்யா வீட்டுல வச்சிருக்க?" என்று பெரியவர்கள் நேரடியாகவே கேட்பார்கள். அந்த வண்டிகள் வீட்டில் தங்காமல் போவதற்கும் அந்தக் கேள்விதான் காரணம். ஓட்டியவர் காலமானதும் மற்ற சாமான்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வண்டியை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். பதினாறாம் நாள் முடிவதற்குள் அது எடைக்குப் போயிருக்கும்.

எனக்கு இதில் கண் திறந்தது தாய்மாமா கடையில். கடைத்தெருவில் அவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான். பஞ்சர் தண்ணீர்த் தொட்டி, பம்பு, கிரீஸ் டப்பா, சுவரில் மணி நேர வாடகை எழுதிய சிலேட்டு. சுற்று வட்டாரத்தில் கைவண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். லாட்டரிச் சீட்டு விற்கிற அண்ணாச்சி ஒருவர், வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டிக் கொடுக்கிற அக்கா ஒருவர், சந்தைக்குச் சந்தை போய்க் கோழி வியாபாரம் பண்ணுகிறவர் ஒருவர். மற்ற சைக்கிள்களை நிறுத்திவிட்டு மாமா இவர்கள் வண்டியைத்தான் முதலில் பார்ப்பார். மற்றவர்களுக்கு சைக்கிள் இல்லாவிட்டால் கால் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சிரித்தார். "மருமகனே, வண்டிய அப்புறமா பாக்கலாம். அதுல உக்காந்தவன் எப்படி உக்காந்தான்னு மொதல்ல பாரு" என்றார். அவர் அதை ரிப்பேர் வேலைக்காகச் சொன்னார். ஒரு வண்டி என்ன, எப்போது, யாருடையது என்று ஆராய்வதற்கு இதைவிடச் சரியான முதல் விதியை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை.

கைவண்டிகளில் எங்கள் பக்கம் மூன்று ஜாதி உண்டு. முதலாவது, ஒரு கையால் சுற்றுவது. இருக்கைக்குப் பக்கத்தில் கிராங்கு, அதிலிருந்து நீளமான செயின் பின்சக்கரம் ஒன்றுக்குப் போகும். மற்ற கை முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பியைப் பிடித்திருக்கும். இரண்டாவது, நெஞ்சுக்கு நேரே கிராங்கு வைத்து இரண்டு கையாலும் சுற்றுவது. செயின் முன்சக்கரத்துக்குப் போகும், அதே கிராங்கைச் சாய்த்தால் வண்டி திரும்பும். மூன்றாவது, சுற்றாமல் முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிற லீவர் வண்டி. இது அபூர்வம், பட்டறையில் செய்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதல் ஜாதியில் ஒரு பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். இரண்டையும் ஒரே அச்சில் சேர்த்து இறுக்கினால் வளைவில் வண்டி திரும்பாது. வளைவுக்கு வெளியே இருக்கிற சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்ளே இருப்பது குறைவாக. காரில் அதற்கென்று டிபரன்ஷியல் இருக்கிறது. கைவண்டிக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு சக்கரம் இழுக்க, மற்றது சும்மா உருளும். இதனால் ஈர மண்ணில் வண்டி ஒரு பக்கமாகவே ஒதுங்கும். ஓட்டுகிறவர் எப்போதும் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பியே பிடித்திருக்க வேண்டும். பல வருடம் ஓடிய வண்டியில் முன்சக்கரத்து டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது இதனால்தான். எந்த ஓரம் என்று பார்த்தால், செயின் கழன்று தொலைந்துபோன வண்டியில்கூட எந்தச் சக்கரம் இழுத்தது என்று சொல்லிவிடலாம். அது தெரிந்தால் எந்தக் கை சுற்றியது என்பதும் தெரியும்.

பிரீவீல் இன்னொரு தொல்லை. சாதாரண சைக்கிளில் அது வசதி. இறக்கத்தில் மிதிக்காமல் உட்காரலாம். கைவண்டியில் பிரீவீல் இருந்தால் பின்னால் எடுக்க முடியாது. கிராங்கைத் திருப்பிச் சுற்றினால் டிக் டிக் என்று சத்தம் வரும், வண்டி நகராது. குறுகலான வாசலில் நுழைந்துவிட்டால், குனிந்து சக்கரத்தையே கையால் பிடித்துப் பின்னால் உருட்ட வேண்டும். மாமாவும் இன்னும் சில மெக்கானிக்குகளும் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பிரீவீலை வெல்டு பண்ணி அசையாமல் பூட்டிவிடுவார்கள். அப்புறம் முன்னும் போகும், பின்னும் போகும். கிராங்கைப் பிடித்து நிறுத்தினால் பிரேக்கும் ஆகும். இறக்கத்தில் கிராங்கு வேகமாகச் சுற்றி மணிக்கட்டில் அடிக்கும் என்பது அதற்குக் கொடுக்கிற விலை. வெல்டு வைத்த பிரீவீலைப் பார்த்தால் ஓட்டியவர் சமதரையில், சந்து பொந்துகளில் புழங்கியவர் என்று வைத்துக்கொள்ளலாம். கழுகுமலை ஏற்ற இறக்கத்தில் ஓட்டியவர் அதைச் செய்திருக்கமாட்டார்.

சேர்க்க ஆரம்பித்தது மாமா கடையை மூடிய பிறகு. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். லாட்டரியால் அழிந்த குடும்பங்கள் ஏராளம். தடை வேண்டாம் என்று அப்போதும் நான் சொல்லவில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொழிலில் கைவண்டிக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதும் உண்மை. உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வியாபாரம், முதல் கொஞ்சம் போதும், வண்டியே கடை. தடை வந்ததும் எங்கள் அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். டெலிபோன் பூத் வைத்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் எஸ்.டி.டி. பூத் கொடுப்பதில் உடல் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. கைபேசி வந்து அதையும் முடித்தது. அவர் காலத்துக்குப் பிறகு வீட்டார் வண்டியை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எடைக்காரர் கொடுக்கிற காசை நானே கொடுத்து எடுத்து வந்தேன். சீட்டுகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிற கம்பிச் சட்டம், குடை சொருகுகிற குழாய், காசு போடுகிற மரப்பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன.

அந்த வண்டியை ஆராய்ந்தபோதுதான் பார்க்க வேண்டியவை ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

முதலில் எழுத்து. அரசாங்கமோ சங்கமோ கொடுத்த வண்டியில் இருக்கைக்குப் பின்னால் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். மேல் பெயின்ட்டை மெதுவாகத் தேய்த்தால் அடியில் பழையது தெரியும். அண்ணாச்சி வண்டியில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று தெரிந்தது. 1986-ல் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துத் தூத்துக்குடிப் பக்கத்தைச் சிதம்பரனார் மாவட்டம் ஆக்கினார்கள். மிச்சப் பகுதி கட்டபொம்மன் பெயரில் இருந்தது. 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆகவே வண்டி அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் கொடுத்தது. இதே வழியில் முகவரித் தகடும் காட்டிக்கொடுக்கும். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'சென்னை' என்று தமிழில் எழுதியிருந்தால், 'னை' எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். துதிக்கை வைத்த பழைய எழுத்தென்றால் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். கை பழகிய பெயின்டர்கள் அரசாணைக்காக எழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சங்கரன்கோவிலில் 80-களின் கடைசியில்கூடத் துதிக்கை போட்டு எழுதிய போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஸ்பேனர். மெட்ரிக் அளவுகள் நம் நாட்டில் 1956-ன் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக வந்து, 60-களில் நிலைத்தன. பிரேமில் இருக்கிற போல்ட்டு நட்டுக்கு இன்ச் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் வண்டி பழசு, அல்லது பழைய சாமானில் கட்டியது. சைக்கிள் பாகங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை பிரிட்டிஷ் மரையிலேயே வெகுகாலம் ஓடின.

மூன்றாவது சக்கரம். இதுதான் எனக்குப் பிடித்த பரிசோதனை. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பிரிட்டனில் தொடங்கிய அந்தக் கணக்கை நம் ஊர் ஹெர்குலிஸ், அட்லஸ் எல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டன. தொழிற்சாலையில் செய்த கைவண்டியில் இரண்டு பின்சக்கரத்துக்கும் கம்பி எண்ணிக்கை ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் 32, இன்னொரு பக்கம் 40 என்று இருந்தால், ஒரு முழு சைக்கிளை உடைத்து அதன் இரண்டு சக்கரத்தையும் பின்னால் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் அது பட்டறை வண்டி. பல்சக்கரத்தைப் பார்த்தால் எந்த சைக்கிள் பலியானது என்பதும் தெரியும். மூன்று கொக்குத் தலை வெட்டியிருந்தால் ராலே. ஐந்து மனிதர்கள் கைகோத்தது போல் இருந்தால் ஹம்பர். மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய முத்திரை எங்காவது இருந்தால் பி.எஸ்.ஏ.; துப்பாக்கி செய்த கம்பெனிதான் பிறகு சைக்கிள் செய்தது. கோழி வியாபாரியின் வண்டியில் ஹம்பர் பல்சக்கரம் இருந்தது. ஒரு காலத்தில் பெரிய வீட்டுத் திண்ணையில் நின்ற சைக்கிளாக இருக்க வேண்டும். எப்படி அவரிடம் வந்தது என்று அவர் மகனுக்கும் தெரியவில்லை.

கடைசியாக, மாமா முதலில் பார்க்கச் சொன்னது: உட்கார்ந்த ஆள். கைப்பிடி எந்தப் பக்கம் மினுமினுப்பாகத் தேய்ந்திருக்கிறது, கால் வைக்கிற பலகையில் எந்தக் கால் தொட்ட அடையாளம் இருக்கிறது, முதுகுச் சாய்மானத்தை எவ்வளவு நிமிர்த்தியிருக்கிறார்கள். தீப்பெட்டி ஒட்டுகிற அக்கா வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வந்த ரெக்சின் மெத்தையை எடுத்துவிட்டு நைலான் வயரால் பின்னியிருந்தது. எங்கள் வெயிலில் ரெக்சினில் உட்கார்ந்தால் வியர்த்துப் புழுங்கும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு அது ஆபத்து. புண் வருவது அவர்களுக்கே தெரியாது, தெரியும்போது எலும்பு வரை போயிருக்கும். அக்காவுக்குப் போலியோ. போலியோ தசையை முடக்குமே தவிரத் தொடு உணர்ச்சியை எடுக்காது. ஆகவே வயர் பின்னல் அவருக்குக் காற்றோட்டத்துக்காக. கம்பங்காட்டுக் கிணற்றில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்த இன்னொருவர் வண்டியில் மெத்தைக்கு அடியில் பாதிக் காற்றடித்த சைக்கிள் டியூபைச் சுருட்டி வைத்திருந்தது. எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் இருக்க அவராகவே கண்டுபிடித்தது. இரண்டு வண்டியும் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் வந்தவை. உட்காருகிற இடத்தைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆளுக்கு.

அந்தத் தொழிற்சாலை கான்பூரில் இருக்கிறது. அலிம்கோ என்கிற மத்திய அரசு நிறுவனம். 1972-ல் பதிவாகி, 1976-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1981-ஐ ஐக்கிய நாடுகள் சபை உடல் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அந்தக் காலகட்டத்திலேயே மத்திய அரசு உபகரணங்கள் வழங்குகிற திட்டத்தையும் தொடங்கியது. அதன் பிறகுதான் கிராமங்களுக்குக் கைவண்டி எண்ணிக்கையாக வர ஆரம்பித்தது. அதற்கு முந்திய வண்டிகள் தொண்டு நிறுவனங்கள் மூலமாகவோ உள்ளூர்ப் பட்டறை மூலமாகவோ வந்தவை. காட்பாடியில் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் 1963-ல் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஒரு தொழிற்கூடம் தொடங்கியது. இன்று வொர்த் டிரஸ்ட் என்று நடக்கிறது. மூணு சக்கர வண்டிகளும் செய்கிறார்கள். தொழுநோயால் உணர்ச்சி போன கை கிராங்கைச் சுற்றினால் கொப்புளம் வரும், வலிக்காது, புண்ணாகும். அதனால் துணியோ ரப்பரோ தடிமனாகச் சுற்றிய கைப்பிடியைப் பார்த்தால் அதைச் சொகுசு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குக் கிடைத்த ஒரு வண்டியில் கைப்பிடி முழுவதும் லாரி டியூப் ரப்பரைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இந்த வண்டிகளின் வம்சம் பழையது. ஜெர்மனியில் நியூரம்பர்க் பக்கத்து ஆல்ட்டார்ப் ஊரில் ஸ்டீபன் பார்ப்ளர் என்ற கடிகாரக்காரர் இருந்தார். நடக்க முடியாதவர். 1655-ல் தனக்காகவே மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார். முன்சக்கரத்தோடு கைக் கிராங்கு, இடையில் பல்சக்கரம். கடிகாரத்தில் பல்சக்கரம் பொருத்திப் பழகிய கை அல்லவா? நான் மேலே சொன்ன இரண்டாவது ஜாதி வண்டி அடிப்படையில் அதேதான். முதல் வண்டியைச் செய்தவரே அதில் உட்கார்ந்தவர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

பிரிட்டனில் கதை வேறு திசையில் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெர்ட் க்ரீவ்ஸ் என்பவர், கால் விளங்காத தன் உறவினர் டெரி பிரெஸ்டன்-காப்பின் வண்டிக்கு இன்ஜின் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து இன்வாகார் என்ற கம்பெனி பிறந்தது. அரசாங்கம் இப்படிப்பட்ட ஒற்றை ஆள் வண்டிகளைத் தேவையானவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 70-களில் வந்த 'மாடல் 70' என்ற மூணு சக்கர வண்டி அங்கே எல்லாருக்கும் தெரியும்: பைபர் கிளாஸ் உடம்பு, வெளிர் நீல நிறம், ஆஸ்திரிய ஸ்டேயர்-புக் இன்ஜின், ஒரே ஒரு இருக்கை. மனைவியையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போக வழியில்லை. வண்டி அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதால், பாதுகாப்பு போதாது என்று முடிவானதும் திரும்ப வாங்கி நசுக்கினார்கள். 2003 மார்ச் 31-ஓடு அரசாங்கம் கொடுத்த வண்டிகளின் ஓட்டம் முடிந்தது. எங்கள் லாட்டரி அண்ணாச்சியின் வண்டி வேலையிழந்த அதே வருடம். இன்று அங்கே ஆர்வலர்கள் தேடித் தேடி மிஞ்சியவற்றைக் காப்பாற்றுகிறார்கள். சோவியத் ரஷ்யாவில் செர்புகோவ் ஆலையில் இரண்டு பேர் உட்காருகிற சின்ன மோட்டார் வண்டி செய்து கொடுத்தார்கள்; அதுவும் குறிப்பிட்ட வருடம் கழித்துத் திரும்ப ஒப்படைக்க வேண்டியது. ஜெர்மனியில் போரில் காலிழந்தவர்களுக்காக 1948 வாக்கில் பிரிட்ஸ் பெண்ட் செய்த கைவண்டிதான் வளர்ந்து மெசர்ஷ்மிட் குமிழிக் கார் ஆனது. அந்தக் காரை ஏலத்தில் எடுக்கிறவர்கள் அதன் பாட்டியைப் பற்றிப் பேசுவதில்லை.

வெளிநாட்டு வண்டியைக் கண்டுபிடிக்க மாடல் எண், சேசிஸ் எண், தயாரிப்பு ஏடு என்று ஆதாரங்கள் இருக்கின்றன. அரசாங்கம் மாற்ற விடாததால் வண்டியும் வந்தபடியே இருக்கும். நம்மிடம் ஏடு கிடையாது. கொடுத்ததும் வண்டி ஆளுக்குச் சொந்தம். அன்றைக்கே வெல்டிங் கடைக்குப் போய்விடும். பழைய வண்டி சேர்க்கிறவர்கள் 'ஒரிஜினல்' என்று ஒரு வார்த்தையை வைத்து விலை போடுவார்கள். கைவண்டியில் ஒரிஜினலாக இருப்பது யாருக்கும் பொருந்தாமல் மூலையில் நின்ற வண்டிதான்.

மோட்டார் வண்டிகளுக்கு வந்தால் இந்தத் திருத்த வேலை இன்னும் சுவாரஸ்யம். 80-களில் டி.வி.எஸ். 50 வந்தபோது கைவண்டிக்காரர்கள் ஆசையோடு பார்த்தார்கள். கியர் இல்லை, பிரேக் இரண்டும் கையில். ஆனால் கிளப்புவதற்குப் பெடலை மிதிக்க வேண்டும். யாராவது கிளப்பிக் கொடுத்தால் ஓட்டலாம். வழியில் நின்றால் வேறொரு ஆளைத் தேட வேண்டும். பஜாஜ் ஸ்கூட்டரில் உதைத்துக் கிளப்பவும் கால் வேண்டும், பின் பிரேக்குக்கும் கால் வேண்டும். 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்தது. பட்டனை அழுத்தினால் கிளம்பியது, கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, பிரேக் கையில். கம்பெனி அதை ஆபீஸ் போகிறவர்களுக்காகத்தான் கொண்டுவந்தது. நம் மெக்கானிக்குகள் அதன் அடியில் ஒரு கம்பிச் சட்டத்தை வைத்து இரண்டு பக்கமும் எக்ஸ்ட்ரா வீல் மாட்டினார்கள். திருநெல்வேலியிலும் மதுரையிலும் இதற்கென்றே பட்டறைகள் வந்தன.

அதிலும் கை தேர்ந்தவர், தேராதவர் உண்டு. பக்கத்துச் சக்கரம் இரண்டும் அசையாமல் இறுகி, மேடு பள்ளத்தில் இரண்டும் மேட்டில் ஏறிவிட்டால், நடுவில் இருக்கிற இழுக்கும் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். நல்ல மெக்கானிக் பக்கச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ வைப்பார். இன்னொன்று, இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாயும். எக்ஸ்ட்ரா வீல் வைத்தது சாயாது, வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் கவிழும். பக்கச் சக்கரங்களுக்கு இடையில் எவ்வளவு அகலம் விட்டிருக்கிறார் என்பதில் பட்டறைக்காரரின் அனுபவம் தெரியும். என்னிடம் இருக்கிற பழைய கைனடிக் ஹோண்டாவில் இடப்பக்கச் சக்கரம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. முதலில் பட்டறைக்காரர் அளவு தவறிவிட்டார் என்று யாரும் நினைப்பார்கள். ஓட்டியவருக்கு வலது கால் தொடையோடு எடுத்தது. உடம்பின் எடை இடப்பக்கம் சாய்ந்து உட்காரும். அதைச் சரிக்கட்ட அப்படி வைத்திருக்கிறார்.

சட்டம் இந்த மெக்கானிக்கை ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் உடல் ஊனமுற்றவர்களுக்கான வண்டி என்றால், அதற்கென்றே வடிவமைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றியமைத்ததாக இருக்கக் கூடாது என்று விளக்கம் இருந்தது. அந்த விளக்கத்தை அப்படியே வைத்துப் பார்த்தால் குருவிகுளத்துத் தெருவில் ஓடிய எக்ஸ்ட்ரா வீல் ஸ்கூட்டர் எதுவும் அந்த வகையில் சேராது. 2019-ன் திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, மாற்றியமைத்த வாகனத்தையே ஒரு வகையாகச் சேர்த்தார்கள். பட்டறை முப்பது வருடமாகச் செய்துவந்ததைச் சட்டப் புத்தகம் அப்போதுதான் ஒத்துக்கொண்டது.

அதே 2019 நவம்பரில் நாங்கள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டம் ஆனோம். ஆய்க்குடியும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது காலில் மாட்டுகிற காலிப்பர் செய்கிற பட்டறை. காலிப்பரை அளவெடுக்காமல் செய்யவே முடியாது. பிள்ளை வளர வளர மாற்றவும் வேண்டும். வண்டியும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. பார்ப்ளருக்குப் பிறகு தொழிற்சாலைகள் மறந்த விஷயம் அது. எங்கள் சைக்கிள் கடைகள் மறக்கவில்லை.

போலியோ போய்விட்டது. 1995-ல் நாடு முழுவதும் சொட்டு மருந்து நாள் தொடங்கியது. 2011 ஜனவரியில் ஹவுரா பக்கம் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியாவைப் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான கைவண்டி அதோடு குறைந்துபோனது. இப்போது வண்டி கேட்டு வருகிறவர்கள் வேறு: பனையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் அடிபட்டவர், சர்க்கரை நோயால் கால் எடுத்தவர். பெரிய வயதில் வண்டியில் ஏறுகிறவர்கள். அரசாங்கமும் பேட்டரி வண்டி, பெட்ரோல் ஸ்கூட்டர் என்று கொடுக்கிறது. கைக் கிராங்கு வண்டிக்குக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சேர்க்கிறேன்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை எழுதிக் கட்டியிருக்கிறேன். செய்த இடம், காலம், ஓடிய ஊர், பிறகு திருத்தங்கள். திருத்தங்கள் என்ற இடத்துக்குத்தான் அட்டையில் பாதிக்கு மேல் விட்டிருக்கிறேன். பெயின்ட் அடிப்பதில்லை, காணாமல் போனதைப் புதிதாக வாங்கி மாட்டுவதில்லை. ஓட்டுகிறவர் இருக்கிறவரை எந்த வண்டியையும் கேட்பதில்லை.

போன ஐப்பசியில் கலிங்கப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மகன் பைக்கில் கூட்டி வந்திருந்தான். பேட்டரி வண்டி கொடுத்திருக்கிறார்கள், சார்ஜ் நிற்கவில்லை, பழைய கைவண்டியையே திரும்ப எடுத்து ஓட்டுகிறேன், அதற்குக் கிராங்கு காட்டர் பின்னோடு போய்விட்டது, கடையில் கிடைக்கவில்லை என்றார். என் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தன வண்டி சும்மா நிக்குதே அண்ணாச்சி" என்றார்.

அவர் வண்டிக்குச் சரியாகப் பொருந்துகிற கிராங்கு லாட்டரி அண்ணாச்சியின் வண்டியில்தான் இருந்தது. கழற்றினேன். மகன் கொஞ்சம் தயங்கி, "காட்சிக்கு வச்சிருக்கீகளே, கெட்டுப்போகாதா?" என்று கேட்டான். பதிலுக்கு அட்டையை எடுத்து வரச் சொன்னேன். திருத்தங்கள் என்ற இடத்தில் கடைசி வரியாக எழுதினேன்: 'கிராங்கு இதில் இல்லை. கலிங்கப்பட்டி ரோட்டில் ஓடுகிறது.'